கேட்டுக்கு முன்னால் இறங்குகிறவர்கள்

புதுச்சேரியிலேயே பிறந்து வளர்ந்தவள் என்றாலும் நாற்பது வயதுவரை எங்கள் ஊர் ரயிலில் நான் ஏறியதில்லை. வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். எங்களுக்குப் பயணம் என்றால் பஸ்தான். சென்னைக்கும் பஸ், விழுப்புரத்துக்கும் பஸ், கடலூருக்கும் பஸ். ரயில் நிலையம் ஊரின் தெற்கு ஓரத்தில் தன்பாட்டுக்கு இருந்தது. கருவடிக்குப்பத்தில் இருக்கிற எனக்கு அந்தப் பக்கம் போக வருஷத்துக்கு ஒரு வேலை இருந்தால் அதிகம்.

பன்னிரண்டு வருஷம் ஒரு தனியார் பள்ளியில் புவியியல் சொல்லிக்கொடுத்தேன். பிள்ளைகள் குறைந்து அந்தப் பாடத்தையே எடுத்துவிட்டார்கள். அப்போதுதான் பழைய கல்லூரித் தோழி ஒருத்தி இந்த வேலையைச் சொன்னாள். விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி வரை ஓடும் பாசஞ்சர் ரயில்களை அதிகப்படுத்தலாமா, நடுவில் புதிதாக ஒரு நிறுத்தம் வைக்கலாமா, கடலூர் சாலையில் இருக்கும் ரயில்வே கேட்டுக்கு மேலே பாலம் கட்டினால் எவ்வளவு நேரம் மிச்சமாகும் என்று ஒரு ஆலோசனை நிறுவனம் ஆய்வு செய்துகொண்டிருந்தது. அதற்குப் பயணிகளை எண்ணவும் அவர்களிடம் கேள்வி கேட்கவும் உள்ளூர் ஆட்கள் வேண்டும். ஆறு மாத ஒப்பந்தம்.

"ரயில்ல போறவங்கள எண்றதுக்கா எம்.ஏ. படிச்ச?" என்று என் கணவர் கேட்டார். கிண்டலாகத்தான் கேட்டார். ஆனால் எனக்கு அந்த வேலை முதல் நாளிலேயே பிடித்துப்போனது. ஒரு மனிதரிடம் போய், நீங்கள் எங்கிருந்து வருகிறீர்கள், எங்கே போகிறீர்கள், எதற்காகப் போகிறீர்கள் என்று கேட்கலாம். கேட்பதற்கு நம் கழுத்தில் ஓர் அடையாள அட்டையும் இருக்கிறது. வேறு எந்த வேலையில் இது கிடைக்கும்?

ஜனங்கள் முதலில் சந்தேகப்படுவார்கள். "எதுக்கு கேக்குறீங்க, எலக்‌ஷன் வருதா?" என்பார்கள். ரயில் அதிகமாக விடுவதற்கு என்றதும் நகர்ந்து இடம் கொடுப்பார்கள். பயண நோக்கம் என்று ஒரு கேள்வி இருந்தது. வேலை, படிப்பு, மருத்துவம், வியாபாரம், இதர என்று ஐந்து கட்டங்கள். கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு மகனைப் பார்க்கப் போன ஒருவர், மருத்துவம் என்று நான் விரலை வைப்பதற்குள் அவன் எப்படி மாடியிலிருந்து விழுந்தான் என்பதில் ஆரம்பித்து வில்லியனூர் வரும்வரை சொன்னார். நிறுவனம் கொடுத்த டேப்லெட்டில், எங்கள் பேச்சில் டேப்பில், ஒரு கட்டத்தைத் தொட்டால் போதும். ஆனால் எழுந்து வர முடியவில்லை.

எங்கள் குழுவை நடத்திய இன்ஜினியர் சென்னைக்காரர். ரயில்வேயில் பல வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேச மாட்டார். ஆனால் எண்கள் பொருந்தவில்லை என்றால் முகம் வாடிவிடும். இரண்டாவது வாரம் அவர் முகம் வாடியது.

காரணம் இதுதான். காலை ரயிலில் ஒவ்வொரு நிலையத்திலும் எத்தனை பேர் ஏறுகிறார்கள், எத்தனை பேர் இறங்குகிறார்கள் என்று எண்ணினோம். கடைசியில் புதுச்சேரி நிலையத்தின் வாசலில் நின்று வெளியே வருகிறவர்களையும் எண்ணினோம். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். போகவில்லை. வில்லியனூரில் புறப்பட்டபோது ரயிலில் இருந்தவர்களைவிடப் புதுச்சேரியில் வெளியே வந்தவர்கள் குறைவு. ஐந்தாறு பேர் என்றால் எண்ணுவதில் தப்பு என்று விட்டுவிடலாம். தினமும் அறுபது எழுபது பேரைக் காணவில்லை. மாலையில் அப்படியே தலைகீழ். காலையில் வந்தவர்களைவிட அத்தனை பேர் அதிகமாக ரயிலேறிப் போனார்கள்.

"காலையில ஆளு காணாம போவுது, சாயங்காலம் ஊருக்குள்ள முளைக்குது. என்ன மேடம் இது?" என்றார் இன்ஜினியர்.

வாசலில் நின்றது நான்தான். சரியாக எண்ணவில்லை என்று நினைக்கிறாரோ என்று எனக்கு வருத்தம். மறுநாள் நடைமேடைக்கு எதிர்ப்பக்கம் தண்டவாளத்தைத் தாண்டிப் போகிறவர்களையும் எண்ண ஆள் போட்டோம். ஏழெட்டுப் பேர் அந்தப் பக்கம் போனார்கள். மற்றவர்கள்? வில்லியனூரில் எண்ணியவரைச் சந்தேகித்து அவரையும் மாற்றிப் பார்த்தோம். வீராம்பட்டினம் தேர் நடக்கிற ஆடி வெள்ளியாக இருந்தால் கூட்டம் தாறுமாறாக இருக்கும், அந்த நாளில் எடுத்த கணக்கைத் தள்ளிவிடலாம். இது சாதாரணச் செவ்வாய், புதன்.

டேப்பில் இருந்த பதில்களைப் பார்த்தேன். அந்த ரயிலில் வந்த ஒவ்வொருவரும் இறங்குமிடம் புதுச்சேரி என்றுதான் சொல்லியிருந்தார்கள். இடையில் வேறு நிலையம் கிடையாது. எனக்குக் கோபம் இல்லை, பயமும் இல்லை, வெறும் ஆவல். அத்தனை பேர் எங்கேதான் போகிறார்கள்?

வாசலை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு நானே விழுப்புரம் போய் அந்த ரயிலில் ஏறி வந்தேன். முதல் நாள் முன்பெட்டியில் உட்கார்ந்திருந்தேன். வளவனூர், சின்னபாபுசமுத்திரம், வில்லியனூர். கடலூர் சாலை கேட்டுக்கு முன்னால் ரயில் நின்றது. அது தினமும் நிற்கும். சாலையில் வண்டிகள் வழி விட்டால்தானே கேட்டை மூட முடியும்? மூடினால்தான் சிக்னல் விழும். சில நாள் மூன்று நிமிஷம், சில நாள் பத்து நிமிஷம். அதைக் குறித்துக்கொண்டேன். பிறகு ரயில் கிளம்பி நிலையத்துக்கு வந்தது. யாரும் காணாமல் போனதாகத் தெரியவில்லை. ஆனால் வாசலில் அன்றும் கணக்குக் குறைந்தது.

ஒன்றை மட்டும் கவனித்திருந்தேன். வில்லியனூரில் ரயில் நின்றபோது முன்பெட்டியிலிருந்து சில பேர் இறங்கி, நடைமேடையில் பின்னால் ஓடிக் கடைசிப் பெட்டியில் ஏறினார்கள். புதுச்சேரி நிலையத்தின் வாசல் முன்பெட்டிகளுக்குத்தான் பக்கம். கடைசிப் பெட்டியில் வந்தால் நடைமேடை முழுக்க நடக்க வேண்டும். இறங்க அவசரப்படுகிறவர்கள் எதற்காகப் பின்னால் போக வேண்டும்?

மறுநாள் நானும் வில்லியனூரில் இறங்கி ஓடிப்போய்க் கடைசிப் பெட்டியில் ஏறினேன். நிற்க இடமில்லை. பெரும்பாலும் பெண்கள். கையில் சாப்பாட்டுப் பை, தோளில் கைப்பை. கல்லூரிப் பிள்ளைகள் கொஞ்சம். ஆஸ்பத்திரிக் கோப்புகளை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு மூன்று குடும்பங்கள். கேட்டை நெருங்க நெருங்க எல்லோரும் எழுந்து கதவுப் பக்கம் வந்தார்கள். ரயில் நின்றது. நின்றதுதான் தாமதம், ஒருவர் பின் ஒருவராகப் படியில் கால் வைத்துச் சரளைக் கல்லில் இறங்கினார்கள். தள்ளுமுள்ளு இல்லை. முதலில் இறங்கியவர் பையை வாங்கிக்கொண்டார். அடுத்தவர் இறங்கினார். குழந்தையைக் கைமாற்றினார்கள். தண்டவாளத்தை ஒட்டி ஒரு சந்து தெரிந்தது. அதற்குள் வரிசையாகப் போய் மறைந்தார்கள்.

வரைபடத்தில் இல்லாத ஒரு ஸ்டேஷனை என் கண் முன்னால் பார்த்தேன்.

அப்போது நான் செய்ததை இன்றும் நியாயப்படுத்த மாட்டேன். அந்தச் சந்து எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும்போல் இருந்தது. எல்லோரும் இறங்கியபின் நானும் இறங்கினேன். ஒரு கையில் டேப். கீழ்ப்படிக்கும் தரைக்கும் இருந்த உயரம் மேலே இருந்து பார்த்தபோது தெரியவில்லை. கல் சரிந்து கணுக்கால் மடங்கி விழுந்தேன். டேப் கையிலிருந்து தெறித்துக் கல்லில் விழுந்தது. ரயில் கிளம்பிவிட்டது.

முன்னால் போய்க்கொண்டிருந்த ஒரு பெண் திரும்பிப் பார்த்து ஓடி வந்தாள். என் வயதுதான் இருக்கும். ஒல்லியான, உயரமான உடம்பு.

"யாருங்க நீங்க? புதுசா வந்துட்டு ஒத்த கையால எறங்குவாங்களா?" என்று சொல்லிக்கொண்டே டேப்பை எடுத்துக் கொடுத்து என்னைத் தூக்கி நிறுத்தினாள். கால் ஊன்ற முடியவில்லை. அவள் தோளைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் சந்துக்குள் போனேன்.

சந்தின் முனையில் பச்சைக் கேட் போட்ட ஒரு வீடு. வாசலில் ஒரு பெரியவர் அரைக்கால் சட்டையும் இஸ்திரி போட்ட பனியனுமாக விறைப்பாக நின்றுகொண்டிருந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். பார்த்தவுடனே தெரிந்துவிட்டது.

"அலோர்! இன்னைக்கு ஒருத்தி விழுந்தாச்சா? தினம் சொல்றேன், எவ கேக்குறா?" என்று பிரெஞ்சும் தமிழும் கலந்து சத்தம் போட்டார். போட்டுக்கொண்டே உள்ளே போய் நாற்காலியும் ஒரு பையில் ஐஸ் கட்டியும் எடுத்துவந்தார்.

அந்தப் பெண் ஐஸை என் காலில் வைத்துக் கட்டினாள். அவள் அடிக்கடி போனில் மணி பார்ப்பதைக் கவனித்தேன். "நீங்க போங்கக்கா, நேரமாவுது" என்றேன்.

"ஆயிடுச்சு. இனிமே ஓடி என்னா ஆவப்போவுது? கைரேகை மிஷின்ல எட்டரைக்கு மேல வெரல வெச்சா அர நாள் போச்சு" என்றாள். ஒரு தையல் கம்பெனியில் வேலை. எனக்காக அரை நாள் சம்பளம் போயிருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது.

அதன்பின் கேட்டேன். ஏன் இங்கே இறங்குகிறீர்கள்?

அவள் சின்னபாபுசமுத்திரம் பக்கத்துக் கிராமம். பஸ் பிடிக்க வேண்டுமானால் மெயின் ரோடு வரை நடக்க வேண்டும், பஸ் வில்லியனூருக்குள் வந்து ஊர்ந்து போகும். அதனால் ரயில். ஆனால் ரயில் நிலையம் வரை போனால் அங்கிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து வந்த வழியே திரும்பி வர வேண்டும். இங்கே இறங்கிவிட்டால் சந்தைத் தாண்டினால் கடலூர் சாலை. கம்பெனிக்கு நடந்தே போய்விடலாம். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களுக்குச் சாலையிலேயே கோரிமேடு போகும் பஸ் கிடைக்கும். முன்பெட்டிகள் நிற்கிற இடத்தில் இரண்டு பக்கமும் பள்ளம், சாக்கடை. கடைசி இரண்டு பெட்டிகள் நிற்கிற இடம்தான் சமதரை. மாலையில் ரயில் இங்கே நிற்காது. நிலையத்துக்குப் போய்த்தான் ஏற வேண்டும்.

எங்கள் குழு இத்தனை நாள் தேடியதை அவள் ஐந்து நிமிஷத்தில் சொல்லி முடித்தாள்.

"கேட்டா எல்லாரும் புதுச்சேரி ஸ்டேஷன்ல எறங்குறதா சொல்றீங்களே?"

"பின்ன என்னா சொல்றது? தண்டவாளத்துல எறங்குறேன்னு கழுத்துல அட்டை மாட்டிக்கிட்டு வர்ற ஆளுகிட்டயே சொல்லச் சொல்றீங்களா?" என்றவள் என் முகத்தைப் பார்த்தாள். "எழுதாதீங்க மேடம். எழுதுனா போலீஸ நிக்க வெச்சிடுவாங்க."

எழுத மாட்டேன் என்று அன்று சொல்லிவிட்டேன். ஆட்டோவில் வீட்டுக்குத் திரும்பும்போதே தெரிந்தது, அப்படிச் சொன்னது தப்பு என்று.

ஏனென்றால் எங்கள் திட்டத்தின் முதல் வேலையே அந்தக் கேட்டுக்கு மேலே பாலம் கட்டுவது. பாலம் வந்தால் கேட் மூடக் காத்திருக்க வேண்டாம். ரயில் அங்கே நிற்காமல் நேரே நிலையத்துக்குப் போகும். ஐந்தாறு நிமிஷம் மிச்சம் என்று கணக்கில் எழுதியிருந்தோம். புது நிறுத்தத்துக்கும் இடம் பார்த்தாயிற்று. வில்லியனூரைத் தாண்டி, ரயில்வே நிலம் அகலமாக இருக்கிற ஒரு பொட்டலில். சுற்றிலும் வீடு கிடையாது, பஸ் கிடையாது. அங்கே இறங்கி அவள் எங்கே போவாள்? நான் எழுதாமல் விட்டால் இந்த எழுபது பேரும் இல்லாத ஆட்களாகவே இருப்பார்கள். ரயில் அதிகமாகும், இவர்களுக்கு இறங்க இடம் இருக்காது. எழுதினால் நாளைக்கே அந்தச் சந்தை அடைத்தாலும் அடைத்துவிடலாம்.

நான்கு நாள் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டில் கிடந்தேன். கல்லூரிக்குப் போகும் என் மகள், "அவங்களக் கேக்காம நீயே ஏன்மா முடிவு பண்ற?" என்றாள். அவ்வளவு சின்ன விஷயம் எனக்குத் தோன்றவில்லை.

கால் சரியானதும் அதே கடைசிப் பெட்டியில் ஏறி அவளைத் தேடினேன். ஜன்னலோரம் இருந்தாள். பக்கத்தில் இடம் கொடுத்தாள். பாலத்தைப் பற்றிச் சொன்னேன். வரைபடத்தை டேப்பில் காட்டினேன். அவள் விரலால் ஒவ்வொரு ஊராகத் தொட்டுப் பார்த்தாள். வரைபடத்தை இப்படி ஆசையாகப் பார்த்த மாணவி எனக்குப் பள்ளியில் கிடைத்ததில்லை.

"அப்ப கேட் இருக்காது?"

"இருக்காது."

"ரயிலும் நிக்காது?"

"நிக்காதுக்கா."

"பாலம் வேணாம்னும் சொல்ல முடியாது. கேட்டுல ஆம்புலன்ஸ் நிக்கிறத நானே பாத்திருக்கிறேன்" என்றாள். பிறகு, "பேர் கேப்பீங்களா?"

"இல்ல. பேர், போன் நம்பர் எதுவும் கெடையாது."

"அப்ப எழுதுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து நின்று பெட்டி முழுக்கக் கேட்கும்படி குரல் கொடுத்தாள். "இந்த மேடம் போலீஸ் இல்ல. கேட்டு எடுத்துட்டு பாலம் போடப்போறாங்களாம். வண்டி நிக்காதாம். நமக்கு ஒரு ஸ்டேஷன் வேணும்னா உண்மையச் சொல்லுங்க. அப்பறம் வந்து அழுவாதீங்க."

அன்று நான் கேட்காமலே வந்து சொன்னார்கள். ஒருத்தி, "நாலு மாசக் கர்ப்பத்துல கூட இங்கதான் எறங்குனேன்" என்றாள். இன்னொருத்தி போன வருஷம் கை எலும்பு உடைந்த கதையைச் சொன்னாள். அதை வெளியே சொல்லாமல் வீட்டில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னாளாம். நான் விழுந்தது விளையாட்டு இல்லை என்று அப்போதுதான் முழுசாக உறைத்தது.

இன்னொரு சிக்கல். டேப்பில் இறங்குமிடம் என்ற கேள்விக்கு நிலையங்களின் பட்டியல்தான் வரும். இல்லாத நிலையத்தை அது ஏற்கவில்லை. ஒரு நோட்டில் கையால் எழுதிக்கொண்டு போய் இன்ஜினியரிடம் கொடுத்தேன்.

அவர் இரண்டு தடவை படித்தார். "இதெல்லாம் அத்துமீறல் மேடம். ரிப்போர்ட்ல எப்படிப் போடறது? இல்லாத ஸ்டேஷனுக்குப் பயணி இருக்காங்கன்னா?"

"ஆளு எங்க போவுதுன்னு நீங்கதானே சார் கேட்டீங்க? கெடைச்சிடுச்சு."

அவர் சிரிக்கவில்லை. "நாளைக்கு நானும் வரேன்" என்றார்.

வந்தார். கடைசிப் பெட்டியில் கதவுக்குப் பக்கத்தில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். ரயில் நின்றது. அவருடைய அதிகாரி முகத்தைப் பார்த்து எல்லோரும் இறங்கத் தயங்கினார்கள். அப்போது கீழேயிருந்து ஒரு குரல். "அத்தாந்தே, அத்தாந்தே! பொறுங்க, மெதுவா!" சொல்தா ஐயா தண்டவாளத்துப் பக்கம் வந்து நின்று கையை நீட்டினார். ஆஸ்பத்திரிக் கோப்பு வைத்திருந்த ஒரு வயசான அம்மா அந்தக் கையைப் பிடித்து இறங்கினாள். பிறகு எல்லோரும் இறங்கினார்கள். கடைசி ஆள் இறங்கும்வரை இன்ஜினியர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ரயில் கிளம்பியதும் என்னிடம், "முப்பத்தஞ்சு வருஷம் வேலை பாத்திருக்கேன் மேடம். சிக்னல்ல வண்டி நிக்கிற நேரத்த தாமதம்னுதான் எழுதியிருக்கோம். அதுல ஆளு இறங்குவான்னு ஒரு நாளும் யோசிச்சதில்ல" என்றார். அன்று சாயங்காலமே கேட்டை ஒட்டி ஒரு நிறுத்தம் வைக்க இடம் இருக்கிறதா என்று அளவெடுக்க ஆள் அனுப்பினார். கேட்டில் ரயில் நிற்கிறவரைக்கும் சந்தை அடைக்கக் கூடாது, இறங்குகிற இடத்தைச் சமப்படுத்திக் காவலுக்கு ஒரு ஆள் போட வேண்டும் என்றும் குறிப்பு எழுதினார். அந்தக் குறிப்புக்கு இன்றுவரை பதில் வரவில்லை. ஆனால் போலீஸும் வரவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு கல்யாண மண்டபத்தில் மக்கள் கருத்துக் கேட்கும் கூட்டம் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் தையல் கம்பெனிப் பெண்கள் வந்திருந்தார்கள். நான் மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்வதையெல்லாம் எழுதிக்கொண்டிருந்தேன். சொல்தா ஐயா கோட்டு போட்டுக்கொண்டு முதல் வரிசையில் இருந்தார். முதலில் எழுந்ததும் அவர்தான்.

"எங்க தெருவுல ரெண்டு ஆட்டோ எதிரெதிர வர முடியாது. ஸ்டேஷன் வந்துச்சுன்னா கடை வரும், வண்டி நிறுத்துவான், செவுத்துல எச்சி துப்புவான். இப்பவே துப்புறான். நான் எதிர்க்கிறேன்."

மண்டபத்தில் முணுமுணுப்பு எழுந்தது. என் தோழியாகிவிட்ட அந்த அக்கா மெல்ல எழுந்தாள். அவளுக்கு மைக் பிடித்துப் பழக்கமில்லை. ரொம்பப் பக்கத்தில் வைத்துக்கொண்டதால் குரல் இரைந்தது.

"ஐயா, நீங்க தெனம் கை குடுத்து எறக்கி விடுறீங்க. அந்த கைய மறக்க மாட்டோம். ஆனா பாலம் வந்துட்டா நாங்க எங்க ஐயா எறங்குறது?"

அவர் கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டே நின்றார்.

"அங்கதான் எறங்கணும். வேற எங்க எறங்குவீங்க?" என்றார் கடைசியில். உடனே என் பக்கம் திரும்பி, "ஆனா நான் எதிர்க்கிறேன்னும் எழுதிக்கோங்க, மதாம். அதை அடிக்கக் கூடாது" என்றார்.

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. நான் இரண்டையும் எழுதினேன். இறங்க வேண்டும் என்பதையும், எதிர்க்கிறார் என்பதையும். யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. தெரு சின்னதுதான். அதன் பிறகு நிறுத்தத்துக்கு வழி சந்து வழியாக வேண்டாம், தண்டவாளத்தை ஒட்டியே கடலூர் சாலைக்குத் தனிப் பாதை போடலாம் என்று இன்ஜினியர் படத்தைத் திருத்தினார். அந்தத் திருத்தம் சொல்தா ஐயாவின் எதிர்ப்பால் வந்தது.

என் ஒப்பந்தம் முடிந்தது. அறிக்கை போனது. பொட்டலில் வைப்பதாக இருந்த நிறுத்தம் இரண்டாம் இடத்துக்குத் தள்ளப்பட்டு, கேட்டுக்கு முன்னால் ஒரு நிறுத்தம் என்பது முதலில் வந்தது. பாலம் கட்டுவதற்கு முன்பே நிறுத்தம் தயாராக வேண்டும் என்ற ஒரு வரியை இன்ஜினியர் சொந்தமாகச் சேர்த்தார். அதன்பின் பல மாதம் ஒரு தகவலும் இல்லை. நான் ஒரு கல்லூரியில் தற்காலிகமாகப் பாடம் எடுக்கப் போனேன்.

போன மாசம் ஒரு காலையில் அந்த அக்கா போன் செய்தாள்.

"மேடம், ரெண்டு பேரு வந்து தண்டவாளத்துப் பக்கம் அளவு டேப் புடிக்கிறாங்க. எந்தப் பக்கம் பிளாட்பாரம் வருதுன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கிறாங்க. நீங்க கொஞ்சம் வரீங்களா?"

"வேலைக்கு நேரமாவலையா?"

"லீவு சொல்லிட்டேன். இதப் பாக்காம எப்படி?"

எனக்கும் அன்று வகுப்பு மதியம்தான். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனேன். தண்டவாளத்துக்கு வடக்கே, சந்திலிருந்து கொஞ்சம் மேற்கே தள்ளி, இரண்டு பேர் சிவப்புச் சாயம் பூசிய மரக்கட்டைகளை அடித்துக்கொண்டிருந்தார்கள். சந்துக்கு நேரே தண்டவாளம் வளைகிறது. வளைவில் நடைமேடை வைக்க முடியாது, அதனால் தள்ளி வைக்கிறோம் என்று அளவெடுப்பவர் எனக்கு விளக்கினார். அக்காவுக்கு அது திருப்தியாக இல்லை. சாலைவரை ஒரு தடவை வேகமாக நடந்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். மூச்சு வாங்கியது.

"நாலு நிமிசம் கூட ஆவுது. பரவால்ல, படி வெச்சு எறங்கலாமில்ல" என்றாள்.

சொல்தா ஐயா தன் வாசலில் இருந்தே பார்த்துக்கொண்டிருந்தார். கட்டை தன் வீட்டுக்கு நேரே வரவில்லை என்பதில் அவருக்கு நிம்மதியா ஏமாற்றமா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. கிட்டே வரவே இல்லை. பிறகு அவர் வீட்டிலிருந்து நான்கு டம்ளர் காபி மட்டும் வந்தது.

"எப்போ கட்டுவாங்க?" என்று அளவெடுப்பவரிடம் அக்கா கேட்டாள்.

"அது எனக்குத் தெரியாதும்மா. நான் கட்டை அடிக்கிறவன்."

"அப்ப நல்லா ஆழமா அடிங்க" என்றாள் அவள். "இந்தப் பக்கம் மாடு மேய வரும். சாய்ச்சிடப் போவுது."

அவர் சம்மட்டியை மறுபடி எடுத்தார்.